விளக்கு லென்ஸை விட்டு விலகட்டும்

1998-ஆம் ஆண்டு, பெரம்பூரில் ஒரு வளைகாப்பு. நான் தனியாகப் போய்ப் படம் எடுத்த முதல் விசேஷம் அது. மாலை ஆறரைக்கு மேல்தான் வளையல் அடுக்கத் தொடங்கினார்கள். கூடத்தில் ஒரே ஒரு ட்யூப் லைட். என் கையில் சின்னக் கேமரா, அதன் நெற்றியிலேயே பதிந்த ஃப்ளாஷ், 36 படத்துக்கான ஒரு ஃபிலிம் ரோல். மூன்றாம் நாள் பிரிண்ட் கைக்கு வந்தபோது கர்ப்பிணிப் பெண்ணின் இரண்டு கண்களும் தணலாகச் சிவந்திருந்தன. பக்கத்தில் நின்று சந்தனம் பூசிய நாத்தனாருக்கும் அப்படியே. அந்தப் பெண்ணின் மாமியார் ஒரு படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டார். தலைப்பிள்ளைக்கான வளைகாப்பு ஒருமுறைதான் வரும். திரும்ப எடுக்க முடியாது.

படங்களை அப்பாவிடம் கொண்டுபோனேன். திருவல்லிக்கேணியில் அவருடைய ஸ்டுடியோ அப்போது இருந்தது. அவர் அலமாரியிலிருந்து தன் பழைய ஃப்ளாஷை எடுத்தார். எல் எழுத்துபோல் வளைத்த ஓர் இரும்புப் பட்டை. ஒரு நுனியில் கேமராவைத் திருகிவிட்டு மறு நுனியில் ஃப்ளாஷைச் செருக வேண்டும். லென்ஸுக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு சாண். பிறகு என் கேமராவை எடுத்து அதே இடைவெளியை அளந்தார். இரண்டு விரற்கடை. அவ்வளவுதான் வித்தியாசம். அப்பா எடுத்த படங்களில் யார் கண்ணும் சிவக்காததற்குக் காரணம் அந்தக் காலத்து ஃப்ளாஷ் பெரியதாக, கேமராவுக்குள் அடங்காததாக இருந்ததுதான். கேமரா சிறுக்கச் சிறுக்க விளக்கு லென்ஸுக்குப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. சிவப்பும் கூடவே வந்துவிட்டது.

ஏன் சிவக்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் மற்ற வழிமுறைகளை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால் இதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். கண்ணின் நடுவில் கறுப்பாகத் தெரியும் வட்டத்தைக் கண் பாப்பா என்கிறோம். அது ஒரு துவாரம். நல்ல வெயிலில் 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். இருட்டில், இளம் வயதினருக்கு, 7 அல்லது 8 மில்லிமீட்டர் வரை விரியும். மங்கலான கூடத்தில் நிற்பவரின் கண் பாப்பா அகலத் திறந்திருக்கிறது. ஃப்ளாஷ் மின்னுகிறது. அந்த மின்னல் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். கண் பாப்பா சுருங்கத் தொடங்கவே அதைவிடப் பல மடங்கு நேரம் வேண்டும். ஆகவே ஒளி முழுவதும் திறந்த வாசல் வழியே உள்ளே போய், விழித்திரையிலும் அதன் பின்னால் ரத்தக் குழாய்கள் அடர்ந்த படலத்திலும் பட்டு, ரத்தத்தின் நிறத்தை ஏந்திக்கொண்டு வெளியே வருகிறது. வந்த வழியே திரும்புகிறது என்பதுதான் முக்கியம். விளக்கு எங்கே இருக்கிறதோ அந்தத் திசைக்கே அது திரும்பிப் போகும். அங்கே லென்ஸும் இருந்தால் சிவப்பு படத்தில் பதியும். லென்ஸ் தள்ளி இருந்தால் பதியாது. நாயையும் பூனையையும் எடுத்தால் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஒளிர்வது வேறு கதை. அவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோன்ற ஒரு படலம் இருக்கிறது.

எனவே விளக்குக்கும் லென்ஸுக்கும் உள்ள இடைவெளி மட்டும் போதாது, ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதும் கணக்கில் வரும். நான் வைத்திருக்கும் கணக்கு இது: ஆள் நிற்கும் தூரத்தில் இருபதில் ஒரு பங்காவது விளக்கு லென்ஸிலிருந்து விலகியிருக்க வேண்டும். ஒரு மீட்டரில் நிற்பவருக்கு 5 சென்டிமீட்டர் போதும். 3 மீட்டருக்கு 15 சென்டிமீட்டர். 6 மீட்டருக்கு 30 சென்டிமீட்டர், அதாவது ஓர் அடி. கேமராவின் தலையில் செருகும் தனி ஃப்ளாஷ் பெரும்பாலும் 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அதனால்தான் பக்கத்தில் எடுத்த படம் நன்றாக வருகிறது, மேடைக்குக் கீழே நாற்காலி வரிசையில் நின்று ஜூம் செய்து எடுத்தால் மணமக்களின் கண் சிவந்துவிடுகிறது. தூரத்திலிருந்து எடுத்தால் கண் சிவக்காது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உண்மை அதற்கு நேர்மாறு.

கேமராவிலும் சில போன்களிலும் கண் படமும் மின்னல் குறியுமாக ஒரு வசதி இருக்கும். அது உண்மையான ஃப்ளாஷுக்கு முன்னால் ஒரு விளக்கை எரியவிடும், அல்லது சிறு சிறு மின்னல்களைத் தொடராக அடிக்கும். அந்த ஒளியில் கண் பாப்பா சுருங்கும், பிறகு படம் விழும். சிவப்பு குறையும், முற்றிலும் போகாது. ஆனால் ஷட்டரை அழுத்துவதற்கும் படம் விழுவதற்கும் இடையே ஒரு வினாடி அளவுக்குப் போய்விடும். தாலி கட்டும்போது ஒரு வினாடி என்பது எவ்வளவு பெரியது என்று கல்யாணப் படம் எடுப்பவர்களுக்குத் தெரியும். கெட்டிமேளம் ஒலிக்கிறது, முதல் முடிச்சு விழுகிறது, அட்சதை பறக்கிறது. கேமரா இன்னும் மினுக்கிக்கொண்டிருக்கும். முகூர்த்தத்தின்போது அந்த வசதியை அணைத்துவிடுங்கள். மணமகனும் மணமகளும் அப்போது கீழேதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கண் சிவக்க வாய்ப்பும் குறைவு. வரவேற்பில் வரிசையாக நின்று எல்லோரும் லென்ஸையே பார்க்கும்போதுதான் ஆபத்து. அங்கே வேறு வழி இல்லையென்றால் அந்த வசதியைப் போடலாம். போட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: “இரண்டு முறை மின்னும் மாமி, இரண்டாவது மின்னும்வரை அப்படியே இருங்கள்.” சொல்லாவிட்டால் முதல் மின்னலோடு படம் முடிந்தது என்று எண்ணிப் பாதிப் பேர் பந்தியைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள்.

இந்த வசதி ஒருவருக்குச் சுத்தமாகப் பலிக்காமல் போனதையும் பார்த்திருக்கிறேன். மயிலாப்பூரில் ஒரு சஷ்டியப்தபூர்த்தி. முதல் நாள் மாலை குடும்பத்தார் கூடியபோது எடுத்த எல்லாப் படத்திலும் பெரியவருக்கு மட்டும் கண் சிவந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு இல்லை. விசாரித்தால், அன்று மதியம் கண் பரிசோதனைக்குப் போய்ச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வந்திருக்கிறார். கண் பாப்பாவை விரிப்பதற்கான மருந்து. அதன் வேகம் அடங்கப் பல மணி நேரம் ஆகும். அதுவரை எத்தனை முறை மினுக்கினாலும் அது சுருங்காது. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, ஃப்ளாஷை அணைத்து, அந்தி வெளிச்சத்தில் எடுத்தேன். அந்தப் படத்தைத்தான் அவர்கள் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

சரி, விளக்கை எப்படி விலக்குவது? தலை திரும்பும் தனி ஃப்ளாஷ் ஒன்று வாங்க முடிந்தால் வாங்குங்கள். லென்ஸ் மாற்றுவதற்குச் செலவழிக்கும் பணத்தை முதலில் இதற்குச் செலவழியுங்கள் என்றுதான் என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அதன் தலையை மேலே திருப்பி, ஒளியைக் கூரையில் அடித்துக் கீழே இறக்குவதற்குப் பவுன்ஸ் என்று பெயர். அப்போது உங்கள் விளக்கு இரண்டு அங்குல ஃப்ளாஷ் அல்ல. கூரையில் விழுந்த பாய் அகல வெளிச்சம். லென்ஸிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது, பெரியதாகவும் இருக்கிறது. கண்ணும் சிவக்காது, முகத்துக்குப் பின்னால் சுவரில் கறுப்பாக நிழலும் விழாது.

இதற்கு மிகவும் தோதான இடம் நம் ஊர் அடுக்குமாடி வீடுகள்தான். பத்தடி உயரக் கூரை, வெள்ளைச் சுண்ணாம்பு. ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் திறன்) 800, அபெர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு) 4, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/60 வினாடி, ஃப்ளாஷ் டிடிஎல் முறையில் (லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து கேமராவே ஃப்ளாஷின் அளவைத் தீர்மானிக்கும்). இங்கிருந்து தொடங்குங்கள். கூரையில் பட்டு வருவதில் ஒளி நிறையக் கரைந்துவிடும், அதனால் ஐஎஸ்ஓவை ஏற்றத் தயங்க வேண்டாம். தலையை நேர் மேலே நிமிர்த்தினால் ஒளி உச்சியிலிருந்து விழுந்து கண்குழியில் நிழல் தட்டும். எனவே நேர் மேலே வேண்டாம். சற்று உங்கள் தோளுக்குப் பின்புறமாகச் சாய்த்துப் பாருங்கள். பின்சுவரும் கூரையும் சேர்ந்து ஒளியைத் திருப்பித் தரும்.

அப்படி எடுத்தால் கண்ணில் உயிர் குறைந்தாற்போல் ஒரு மந்தம் தெரியலாம். விழியில் ஒரு சின்ன ஒளிப்புள்ளி இருந்தால்தான் பார்வைக்கு உயிர் வரும். அதற்கு நான் பயன்படுத்துவது கல்யாணப் பத்திரிகை. மஞ்சள் தடவாத ஓர் அட்டையாகப் பார்த்து, அச்சில்லாத வெள்ளைப் பக்கம் முன்னால் இருக்கும்படி ஃப்ளாஷின் முதுகில் வைத்து, ரப்பர் பேண்டால் கட்டிவிடுவேன். தலைக்கு மேலே மூன்று விரல் உயரம் நீட்டிக்கொண்டிருந்தால் போதும். கூரைக்குப் போகும் ஒளியில் கொஞ்சத்தை அது முன்னால் தள்ளும். உங்கள் கையை முன்னால் நீட்டி ஃப்ளாஷை அடித்துப் பார்த்தால், அட்டை இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் விரல் நகத்தின் பளபளப்பிலேயே தெரியும்.

எல்லா வீட்டிலும் கூரை நமக்கு உதவாது. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்கு உத்தரங்கள் கறுத்துப்போய் உயரத்தில் இருக்கும், அடித்த ஒளியை விழுங்கிவிடும். சில மண்டபங்களில் சுவர் இளம்பச்சை. பச்சைச் சுவரில் அடித்தால் மணப்பெண்ணின் முகமும் பச்சையாகும். சிவப்புத் துணிப் பந்தலிலும் இதே கதிதான். இந்த மாதிரி இடங்களில் அலங்காரக்காரர்களிடம் ஒரு தெர்மாகோல் பலகை கேட்டு வாங்கிக்கொள்கிறேன். யாராவது ஒரு பையனை எனக்கு இடப்பக்கம், ஆளின் தலைக்குச் சற்று மேலே அதைப் பிடிக்கச் சொல்லி, ஃப்ளாஷை அதன்மேல் திருப்புகிறேன். பலகை கிடைக்காத இடத்தில் மடித்த வெள்ளை வேட்டியும் அந்த வேலையைச் செய்திருக்கிறது.

குழுப்படம்தான் கடினம். கேமராவிலேயே உள்ள ஃப்ளாஷின் எட்டும் தூரம் உங்களுக்குத் தெரிய வேண்டும். கையேட்டில் கைடு நம்பர் என்று ஓர் எண் இருக்கும். அதை அபெர்ச்சர் எண்ணால் வகுத்தால் ஐஎஸ்ஓ 100-இல் ஒளி எத்தனை மீட்டர் எட்டும் என்பது கிடைக்கும். கைடு நம்பர் 12 என்றால் அபெர்ச்சர் 4-இல் 3 மீட்டர், அவ்வளவுதான். ஐஎஸ்ஓ 400-க்கு ஏற்றினால் 6 மீட்டர். மேலும், தூரம் இரட்டித்தால் ஒளி நான்கில் ஒரு பங்காகும். முன்வரிசை 2 மீட்டரிலும் பின்வரிசை 4 மீட்டரிலும் நின்றால், பின்னால் நிற்கும் சித்தப்பாக்கள் எல்லோரும் இருட்டில் போய்விடுவார்கள். இதைச் சரிசெய்யப் பின்னால் நகர்ந்து எடுத்தால் வரிசைகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு குறையும். 4 மீட்டர், 6 மீட்டர் என்றாகும்போது பின்வரிசைக்குப் பாதிக்குச் சற்றுக் குறைவான ஒளி கிடைக்கும். ஆனால் பின்னால் நகர நகரக் கண் சிவக்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா? ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடும் இடம் இதுதான். அதனால் குழுப்படத்துக்கு நான் ஃப்ளாஷைக் கேமராவிலேயே வைப்பதில்லை. ஒரு ஸ்டாண்டில், எனக்கு இடப்பக்கம் ஐந்தாறு அடி தள்ளி, ஏழடி உயரத்தில் ஏற்றி, கம்பியில்லாமல் ஃப்ளாஷை அடிக்கவைக்கும் ரேடியோ ட்ரிக்கரால் இயக்குகிறேன். ஸ்டாண்ட் இல்லாதவர்கள் வீடியோக்காரர் விளக்கைப் பிடித்து நிற்கும் நேரம் பார்த்து எடுங்கள். அந்த விளக்கு தொடர்ந்து எரிவதால் எல்லோருடைய கண் பாப்பாவும் ஏற்கெனவே சுருங்கியிருக்கும். வீடியோக்காரரோடு சண்டை போடும் புகைப்படக்காரர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர் நமக்குச் செய்யும் உதவி அது. கூடத்தில் இருக்கும் எல்லா விளக்குகளையும் போடச் சொல்வதும் அதே காரணத்துக்காகத்தான்.

கண்ணாடி போட்டவர்களிடம் மோவாயை ஒரு நெல்லளவு தாழ்த்தச் சொல்லுங்கள். ஃப்ளாஷின் வெள்ளைப் பொட்டு கண்ணாடியிலிருந்து கீழே இறங்கிவிடும். வரிசையாக வெள்ளை வேட்டி சட்டையில் நிற்பவர்களை எடுத்தால் டிடிஎல் ஏமாந்து ஒளியைக் குறைத்துவிடும். ஃப்ளாஷின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வசதியில் பிளஸ் பக்கம் மூன்றில் இரண்டு ஸ்டாப் ஏற்றுங்கள் (ஒரு ஸ்டாப் ஏற்றினால் ஒளி இரட்டிப்பாகும்). குத்துவிளக்கு படத்தில் இருந்தால் ஷட்டரை 1/30 வரை இறக்குங்கள். ஃப்ளாஷின் ஒளியை ஷட்டர் வேகம் பாதிக்காது, சுடரின் பொன்னிறம் மட்டும் கூடும். ஹோமப் புகை எழும்போது நேர் ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம், புகை வெள்ளைத் திரையாகிவிடும்.

சித்திரை, வைகாசியில் சென்னையில் விசேஷம் என்றால் வியர்வையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெற்றியிலும் மூக்கிலும் பூத்த வியர்வை நேர் ஃப்ளாஷில் எண்ணெய் வழிந்ததுபோல் தெரியும். என் பையில் எப்போதும் நான்கு பருத்திக் கைக்குட்டைகள் இருக்கும். ஒற்றி எடுக்க வேண்டும், துடைக்கக் கூடாது. துடைத்தால் விபூதியும் குங்குமமும் இழுபட்டுவிடும். குளிரூட்டிய அறையிலிருந்து வாசலுக்கு வந்ததும் லென்ஸில் ஈரம் படியும். கால் மணி நேரம் முன்பே கேமராவைப் பையோடு வெளியே வைத்துவிடுங்கள்.

போனில் எடுப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: அதன் ஃப்ளாஷை அணையுங்கள். லென்ஸிலிருந்து ஒரு விரற்கடைகூடத் தள்ளியிராத விளக்கு அது. இன்னொருவரின் போனில் டார்ச்சைப் போட்டு, அதன்மேல் வெள்ளைக் கைக்குட்டையை ஒற்றை மடிப்பாகப் போர்த்தி, பக்கவாட்டில் கை நீட்டும் தூரத்தில், முகத்துக்குச் சற்று மேலே பிடிக்கச் சொல்லுங்கள். மொட்டை மாடியில் இரவில் எடுத்த பிறந்தநாள் படங்கள்கூட இப்படி அழகாக வந்திருக்கின்றன.

எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் திருத்திக்கொள்ளலாமே என்பார்கள். திருத்தலாம், ஒவ்வொரு கண்ணாக, கையால். தானாகத் திருத்தும் வசதியை மட்டும் நம்பாதீர்கள். அது சிவந்த வட்டங்களைத் தேடிக் கறுப்பாக்கும் வேலை. ஒருமுறை அப்படி மொத்தமாகத் திருத்தியதில் ஓர் அம்மாளின் நெற்றிக் குங்குமம் கறுத்துப்போய்விட்டது. நல்லவேளை, ஆல்பம் கட்டுவதற்கு முன் என் கண்ணில் பட்டது. சுமங்கலியின் குங்குமம் கறுத்த படத்தை அந்த வீட்டுக்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே கூசுகிறது. அன்றிலிருந்து, மண்டபத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன் முக்கியமான ஒவ்வொரு படத்திலும் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். சிவந்திருந்தால் அங்கேயே இன்னொன்று எடுத்துவிடலாம்.

அப்படிப் பெரிதாக்கிப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு குழந்தையின் ஒரு கண் சிவந்து, மறு கண்ணில் மட்டும் பாப்பா வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ ஒளிர்ந்தால் அதைக் கேமராவின் குறை என்று ஒதுக்கிவிடாதீர்கள். குழந்தை பக்கவாட்டில் பார்க்கும்போது ஒளி விழித்திரையில் நரம்பு சேரும் இடத்தில் பட்டு அப்படித் தெரிவதும் உண்டு. நேராகப் பார்க்க வைத்து இன்னும் இரண்டு மூன்று எடுத்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப அதே கண் வெளுத்தால், பிறவிக் கண்புரையாக இருக்கலாம். ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். அது பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வருவது. சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரையும் பல நேரம் பார்வையையும் காப்பாற்ற முடியும். குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் போட வேண்டாம். தாயையும் தகப்பனையும் தனியாக அழைத்துக் காட்டி, அந்த வாரத்திலேயே கண் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். சென்னையில் 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. பணம் இல்லையே என்று யாரும் தள்ளிப்போட வேண்டியதில்லை. திருத்தாத மூலப் படத்தை அவர்கள் போனுக்கு அனுப்பி, மருத்துவரிடம் அதையே காட்டச் சொல்லுங்கள்.